சாயத்தைக் கண்டு மயங்கலாமா? பழைய வாகனம் வாங்குவோர் பார்க்க வேண்டியவை

அந்தக் காலத்தில் சந்தைக்கு மாடு வாங்கப் போனவர்கள் மாட்டின் நிறத்தைப் பார்த்துப் பணம் கொடுத்ததில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். நடக்க விட்டுப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். விற்பவர் எந்த ஊர், ஏன் விற்கிறார் என்று நாலு பேரிடம் விசாரிப்பார்கள். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கும் மாட்டை அவசியம் பார்த்தே ஆக வேண்டும்.

இன்று மாட்டின் இடத்தைக் கார் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பழைய எச்சரிக்கை மட்டும் எங்கோ தொலைந்து போயிற்று. சாயம் பளபளக்கிறதா, ரேடியோ பாடுகிறதா, இருக்கைக்குப் புது உறை போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பட்டறை வாசலில் நிற்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

கேமரன் மலையில் இந்த விஷயம் இன்னும் கூடுதல் கவனத்துக்குரியது. பிரிஞ்சாங்கைத் தாண்டி திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா என்று போகும் பாதை முழுக்க ஏற்றமும் இறக்கமும் வளைவும்தான். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவராக இருந்தாலும், காய்கறித் தோட்டம் வைத்திருப்பவராக இருந்தாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவும் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு போகவும் வண்டி வேண்டும். சமவெளியில் பழுதான கார் சாலையோரம் நின்றுவிடும், அவ்வளவுதான். மலையில் பிரேக் பழுதானால் நிற்பதற்கு இடமே இருக்காது. 2010 டிசம்பர் 20-ஆம் தேதி சிம்பாங் பூலாய் சாலையில் தாய்லாந்துச் சுற்றுப்பயணிகளை ஏற்றி இறங்கிய பேருந்து கட்டுப்பாட்டை இழந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலை இறக்கம் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு அது ஒன்றே போதும்.

முதலில் தாள், பிறகுதான் டயர்

பழைய வாகனம் பார்க்கப் போகிறவர் முதலில் திறக்க வேண்டியது எஞ்சின் மூடியை அல்ல, கோப்பை. கெரான் என்று எல்லாரும் சொல்லும் பதிவுச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றா? 'மச்சான் பெயரில் இருக்கிறது, அவர் ஊரில் இல்லை' என்றால், அந்த மச்சான் வரும்வரை ஒரு வெள்ளிகூடக் கொடுக்கக் கூடாது. வாகனத்தின் மீது கடன் இருந்தால் 'ஹாக் மிலிக் டிதுந்துத்' என்று வங்கியின் பெயரோடு பதிவாகியிருக்கும். அந்தக் கடன் முடிந்ததற்கு வங்கிக் கடிதம் உண்டா என்று கேட்க வேண்டும்.

அடுத்து, கெரானில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வாகனத்தில் பொறித்திருக்கும் எண்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். எண் இருக்கும் இடம் தேய்க்கப்பட்டிருந்தாலோ, அதைச் சுற்றி மட்டும் புதிதாக வெல்டிங் தெரிந்தாலோ, அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவது நல்லது. திருட்டு வாகனத்துக்கு வேறொரு வாகனத்தின் எண்ணைப் போட்டு விற்பதும், விபத்தில் நசுங்கிய இரண்டு கார்களை வெட்டி ஒட்டி ஒரே காராக ஆக்குவதும் நாட்டில் நடக்கிற காரியம்தான்.

சாலை வரியும் அப்படித்தான். 2023 பிப்ரவரி முதல் தனியார் வாகனங்களில் சாலை வரி வில்லையை ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே கண்ணாடியைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. விற்பவரையே அவருடைய மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். வரி எப்போது முடிகிறது, சம்மன் பாக்கி உண்டா, வாகனம் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பதெல்லாம் பணம் கைமாறும் முன்பே தெரிய வேண்டும். பிறகு தெரிந்தால் அது வாங்கியவரின் தலைவலி.

'சம்போங் பாயார்' லாபமா?

'கையில் கொஞ்சம் கொடுங்கள், மீதித் தவணையை நீங்களே கட்டிக்கொண்டு ஓட்டுங்கள்.' இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். இதற்குப் பெயர்தான் சம்போங் பாயார். வங்கிக் கடன் கிடைக்காதவருக்கு இது கடவுள் கொடுத்த வழியாகத் தோன்றும்.

ஆனால் நிலைமை என்ன? 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி தவணை முடியும்வரை வாகனம் வங்கிக்கே சொந்தம். ஓட்டுபவர் அதை வாடகைக்கு எடுத்தவர் மட்டுமே. அவர் வங்கிக்குத் தெரியாமல் மூன்றாம் நபருக்குக் கைமாற்றுவது குற்றம். இதில் வாங்கியவருக்கு என்ன கிடைக்கிறது? கெரானில் பெயர் இல்லை. வங்கி ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. மூன்று வருடம் ஒழுங்காகத் தவணை கொடுத்தாலும், பணத்தை வாங்கியவர் அதை வங்கியில் கட்டாமல் விட்டால், ஒரு நாள் காலையில் வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள். கேட்க உரிமை இல்லை. விற்றவரும் நிம்மதியாக இருக்க முடியாது. அந்த வண்டி செய்யும் விபத்துக்கும் குற்றத்துக்கும் முதலில் தேடப்படுகிறவர் அவர்தான். இரண்டு குடும்பமும் கெட்டுப் போகும் வியாபாரம் இது.

ஆகவே உரிமை மாற்றத்தை முறையாகச் செய்ய வேண்டும். புஸ்பாகோம் போன்ற அங்கீகாரம் பெற்ற பரிசோதனை நிலையத்தில் பி5 எனப்படும் உரிமை மாற்றச் சோதனையை முடித்து, ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகா வழி பெயரை மாற்ற வேண்டும். வங்கிக் கடனோடு வாங்கினால் பி7 சோதனையும் தேவைப்படும். ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். பி5 சோதனையின் முக்கிய நோக்கம் வாகனத்தின் அடையாளத்தைச் சரிபார்ப்பது. அதில் தேறிவிட்டது என்பதற்காக எஞ்சின் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கட்டும்

தாள்கள் சரியாக இருந்தால் வாகனத்துக்கு வரலாம். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் பார்க்க வேண்டும். ஈரமான சாயத்தில் கீறலும் தெரியாது, மேடு பள்ளமும் தெரியாது. கேமரன் மலையில் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் காலையே நல்லது.

போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், விற்பவர் முன்கூட்டியே ஓட வைத்திருக்கிறார் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் முதல் தடவையில் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் பாதி உண்மை இருக்கிறது. பேட்டரி, டீசல் பம்பு, எஞ்சின் அழுத்தம் எல்லாவற்றின் வண்டவாளமும் அப்போது தெரிந்துவிடும்.

பிறகு புகை. நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு. விடாத வெள்ளைப் புகை என்றால் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். ஆனால் மலைவாசிகள் இங்கே அவசரப்படக் கூடாது. குளிர்ந்த காலையில் நல்ல எஞ்சினும் வெள்ளையாக ஆவி விடும். பத்து நிமிடம் சூடேறிய பிறகும் அது நிற்கவில்லை என்றால்தான் கவலை. எண்ணெய் மூடியின் உட்புறம் பாலேடு போல் படிந்திருப்பதும் அப்படியே. குளிர்ப் பிரதேசத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் அது சாதாரணமாகவும் வரும். ஆனால் அளவுகோலில் உள்ள எண்ணெயே பால்போல் இருந்தால், அல்லது ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால், எஞ்சினின் தலைப்பகுதி அடைப்பு போயிருக்கக்கூடும். அது பெரிய செலவு.

உயரத்துக்கும் எஞ்சினுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கேமரன் மலையின் ஊர்கள் பலவும் 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கின்றன. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் பலமும் அந்த அளவுக்குக் குறையும். கார்புரேட்டர் உள்ள பழைய சாகா போன்ற கார்களில் காற்று குறைந்து பெட்ரோல் கலவை கெட்டியாகிவிடும். ஈப்போவில் ஓட்டிப் பார்த்தபோது துள்ளிய கார், திரிங்காப் வந்ததும் இழுக்க மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே சமவெளியில் வாங்கும் காரை ஒரு நல்ல மேட்டில், ஆள் ஏற்றி, ஓட்டிப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. ஓடும்போது வெப்பமானியின் முள்ளிலும் ஒரு கண் இருக்க வேண்டும்.

1985-ல் வந்த புரோட்டோன் சாகா, 1994-ல் வந்த பெரோடுவா கஞ்சில் போன்ற பழைய கார்களில் டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும். ரசீது இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கிலோமீட்டர் கணக்கை நம்பிப் பயனில்லை. அதைக் குறைப்பது சுலபம். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டீயரிங் பிடி, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானம் பொய் சொல்லாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பூ நிறைய இருந்தாலும் பல ஆண்டு பழைய ரப்பர் இறுகியிருக்கும். ஈரச் சாலையில் அது பிடிக்காது.

வெள்ளமும் காற்றுப்பையும்

2013 அக்டோபர் 23-ஆம் தேதி, ரிங்லெட்டில் சுல்தான் அபுபாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளமாகப் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகள் சேதமாயின, வாகனங்கள் அடித்துச் செல்லப்பட்டன. 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. இத்தகைய கார்களில் சில, கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வரும். கண்டுபிடிப்பது எப்படி? பாதுகாப்பு வாரைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். இருக்கைத் தண்டவாளத்தில் துரு, உதிரிச் சக்கரக் குழியில் மண், கண்ணாடியை மூடி வைத்தால் வரும் புழுங்கிய வாடை, இவை எல்லாம் சாட்சிகள். நீர் புகுந்த மின்கம்பிகள் உடனே கெடாது. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கெடும்.

மற்றொன்று தக்காத்தா காற்றுப்பை. சில பழைய கார்களில் பொருத்தப்பட்ட இந்தக் காற்றுப்பையின் ஊதுகருவியில் அம்மோனியம் நைட்ரேட் உள்ளது. வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது கெட்டு, சிறு மோதலில்கூட வெடித்து இரும்புத் துண்டுகளைப் பாய்ச்சிவிடும். மலேசியாவிலும் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அந்தக் கார் திரும்ப அழைக்கப்பட்ட வரிசையில் இருக்கிறதா என்பதை உற்பத்தி நிறுவனத்தின் சேவை நிலையம் சொல்லிவிடும். மாற்றித் தருவதற்குக் கட்டணம் கிடையாது. முன்னாள் உரிமையாளர் அழைப்புக் கடிதத்தைக் குப்பையில் போட்டிருக்கலாம். புதிய உரிமையாளராவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையின் ராஜா: லேண்ட் ரோவர்

கேமரன் மலை என்றதும் தேயிலைக்கு அடுத்து நினைவுக்கு வருவது பழைய லேண்ட் ரோவர். இங்கே அவை குவிந்திருப்பது மலேசியச் சாதனைப் புத்தகத்திலும் இடம்பெற்றது. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட இந்த வண்டி, சீரிஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று 1985 வரை வந்தது. அதன் வழிவந்த டிஃபெண்டரின் பழைய வடிவம் 2016 ஜனவரி 29-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டிகளை வாங்கி மலைக்குக் கொண்டு வந்தவர்கள் உண்டு. ஒடுக்கமான தோட்டப் பாதையில் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு ஏற இதைவிட்டால் வேறு கதியில்லை என்பார்கள்.

'லேண்ட் ரோவர் துருப்பிடிக்காது' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது பாதி உண்மை. போருக்குப் பிந்திய எஃகுத் தட்டுப்பாட்டால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அது இரும்புபோல் துருப்பிடிக்காது. ஆனால் அதைத் தாங்கும் அடிச்சட்டமும், ஓட்டுநரின் காலுக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரும் இரும்புதான். அடிச்சட்டம் உள்ளே கூடான பெட்டி வடிவம். தண்ணீரும் மண்ணும் உள்ளே தங்கி, உள்ளிருந்தே அரிக்கும். மேலே புதுச் சாயம், உள்ளே சல்லடை. போதாக்குறைக்கு அலுமினியமும் இரும்பும் தொடும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியமே வெள்ளைப் பொடியாக உதிரும். கோழி எருவும் உரமும் ஏற்றிக் கழுவாமல் விட்ட வண்டி என்றால் அரிப்பு இன்னும் வேகம்.

எனவே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் லேண்ட் ரோவர் வாங்கக் கூடாது. சிறு சுத்தியால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று கேட்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் தொங்கும் இடங்கள், கால் வைக்கும் பகுதி, கதவுத் தூண்களின் அடி ஆகியவை முக்கியம். காந்தம் வைத்துப் பார்க்கும் சோதனையைச் சாகாவில் செய்யலாம். மக்குப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. லேண்ட் ரோவரின் அலுமினிய உடலில் எங்கேயுமே ஒட்டாது என்பதால் அதை வைத்து ஏமாற வேண்டாம்.

முன்சக்கரத்தின் பின்னால் பளபளக்கும் உருண்டையில் குழி விழுந்து எண்ணெய் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டும்போது மூன்றாம் கியரில் வேகம் எடுத்து, சட்டென்று எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். கியர் தானாக வெளியே துள்ளினால் பெட்டி தேய்ந்துவிட்டது. மலை இறக்கத்தில் எஞ்சினைக் கொண்டே வேகத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த நேரத்தில் கியர் கழன்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான்கு சக்கர இயக்கமும் தாழ்ந்த கியரும் விழுகின்றனவா என்பதை மண் பாதையில் சோதிக்க வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், அந்த மாற்றம் கெரானில் பதிவாகியிருக்க வேண்டும்.

கைபிரேக்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சீரிஸ் லேண்ட் ரோவரின் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டில் இருக்கிறது. கியர் எண்ணெய் கசிந்து அதில் பட்டால் பிடி போய்விடும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், கைபிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருண்டு விடலாம். எனவே சரிவில் நிறுத்திச் சோதிப்பதோடு, டயர் மாற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் பழக்கமும் வேண்டும்.

தாள் இல்லாத வண்டி யாருக்கு?

'தோட்டத்துக்குள் ஓட்டத்தானே, தாள் எதற்கு?' என்று கேட்டு மலிவாக விற்பவர்கள் உண்டு. வரியும் காப்புறுதியும் இல்லாமல் ஆயுள் முடிந்தும் ஓடும் வாகனங்களைத்தான் கேமரன் மலையில் 'லோரி ஹந்து', அதாவது பேய் லாரி என்கிறார்கள். ஜேபிஜே அடிக்கடி சோதனை நடத்திப் பறிமுதல் செய்கிறது. தோட்டத்துக்குள் இருக்கும்வரை சரி என்று தொடங்கும் வண்டி, ஒரு நாள் கடைக்கு, மறுநாள் பள்ளிக்கு என்று பெருஞ்சாலைக்கு வந்துவிடும். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் சாலையில் ஓட்டுவது குற்றம். அபராதம் கட்டித் தப்பிக்கலாம். ஆனால் எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் கால் இழந்தால், அவருடைய குடும்பத்துக்கான இழப்பீட்டுக்குக் காப்புறுதி நிறுவனம் இருக்காது. வழக்கு வண்டிக்காரரின் வீடு, சேமிப்பு வரை வரும். மலிவாக வாங்கியது அப்போது எவ்வளவு விலை என்பது தெரியும்.

முறையாக வாங்கியவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்றவரின் காப்புறுதி வாங்கியவரைக் காக்காது. புதியவர் தம் பெயரில் எடுத்தாக வேண்டும். உரிமைகோராத் தள்ளுபடி வாகனத்துக்கு அல்ல, ஆளுக்குச் சேர்வது. தனியார் கார்களுக்கு அது ஐந்து ஆண்டில் 55 விழுக்காடு வரை உயரும். ஏற்கெனவே வேறு வாகனம் வைத்திருந்தவர் அந்தத் தள்ளுபடியை மறக்காமல் கேட்டுப் பெறலாம்.

கடைசியாக விலை. வாகனத்தின் விலை வேறு, வாங்கும் செலவு வேறு. டயர், பேட்டரி, பிரேக், பெல்ட், பரிசோதனைக் கட்டணம், காப்புறுதி, சாலை வரி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். கையில் இருக்கும் பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிட்டால், பிரேக் மாற்றப் பணம் இருக்காது. பிரேக் மாற்றாத வண்டியில்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். எனவே நம்பிக்கையான ஒரு மெக்கானிக்கைக் கூலி கொடுத்து அழைத்துப் போவதும், ரசீது இல்லாமல் முன்பணம் கொடுக்காமல் இருப்பதும், 'இன்றைக்கே முடிவு சொல்லுங்கள், இன்னொருவர் காத்திருக்கிறார்' என்ற பேச்சுக்கு மசியாமல் இருப்பதும் அவசியம். அந்த இன்னொருவர் வாங்கிக்கொண்டு போகட்டும். சந்தையில் பழைய வாகனத்துக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை.